கிளையை வெட்டாதீர்கள், அறுங்கள்!

வீட்டு மரத்துக்கு ஏற்ற கை ரம்பம்

ஆடி மாதம். காற்று சுழன்று அடிக்கிறது. கொல்லையில் நிற்கும் முருங்கை மரம் பேயாட்டம் ஆடுகிறது. திடீரென்று "மடார்" என்று ஒரு சத்தம்! கைப் பருமன் உள்ள கிளை ஒன்று முறிந்து, சமையல் அறையின் மேல் விழுகிறது. நாலு ஓடு நொறுங்குகிறது.

அப்புறம் என்ன நடக்கும்? எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"ஏங்க, அந்த மாங்கிளையும் ஓட்டு மேலதான் சாஞ்சு கெடக்கு. அதையும் வெட்டிப் போட்டுடுங்க" என்பார் வீட்டுக்கார அம்மா.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்பார் ஐயா. ஆனால் அன்றைக்கே பார்க்க வேண்டியதாகிவிடும்.

அரிவாளைத் தேடி எடுப்பார். வேட்டியை மடித்துக் கட்டுவார். மரத்தில் ஏறி, ஓங்கி நாலு போடு போடுவார். கிளையின் பாதி வெட்டுப்படும். மீதிப் பாதி தன் பாரத்தாலேயே முறியும். சும்மா முறியாது. அடிமரத்தின் பட்டையையும் ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும்.

கிளை போயிற்று. ஓடு பிழைத்தது. ஆனால் மரம்?

உரிந்த இடத்தில் மழைத் தண்ணீர் தங்கும். காளான் பிடிக்கும். வண்டு துளைக்கும். சில வருஷங்களில் அடிமரம் உள்ளுக்குள் கூடாகிவிடக்கூடும். வெளியே பார்த்தால் இலை பச்சைப் பசேல் என்று இருக்கும். காயும் காய்க்கும். உள்ளே ஒன்றும் இராது. பிறகு ஒரு நாள் காற்று அடிக்கும். அப்போது விழுவது கிளை அல்ல, மரம்!

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தரைமட்டம் ஆயின. அப்படிப்பட்ட புயலுக்கு நல்ல மரமும் தப்பாது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உள்ளே உளுத்துப்போன மரத்துக்குப் புயல் தேவை இல்லை. ஆடிக் காற்றே போதும்.

அந்த மரத்தின் அடியில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அதன் நிழலில்தான் பாட்டி கட்டில் போட்டுப் படுக்கிறார். ஆகவே, ஒரு கிளையை எப்படி எடுப்பது என்பது சின்ன விஷயம் அல்ல.

அரிவாள் செய்யும் வேலை வேறு

அரிவாள் மேல் குறை சொல்வதற்கு இல்லை. முள் கழிக்க அரிவாள் வேண்டும். இளநீர் சீவ அரிவாள் வேண்டும். வாழைத்தார் இறக்க அரிவாள் வேண்டும். ஆனால் உயிருள்ள மரத்தில் கட்டை விரலைவிடப் பருத்த கிளையை எடுக்க அது ஏற்றது அல்ல.

அரிவாள் மரத்தைப் பிளக்கிறது. ஒரே இடத்தில் இரண்டாம் போடு விழுவது இல்லை. ஒரு விரற்கடை மேலே விழும், அல்லது கீழே விழும். வெட்டுவாய் சிம்பு சிம்பாக நிற்கும். பட்டை நசுங்கும். கூரை மேல் சாய்ந்த கிளையில் ஓங்கி வீசவும் இடம் இராது. கால் வைத்திருக்கும் கிளை வழுக்கினால், அரிவாள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ரம்பம் அப்படி அல்ல. ஓங்க வேண்டாம். வீச வேண்டாம். வைத்த இடத்தில் அறுக்கும். நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். வெட்டுவாய் தட்டுப் போல வழவழப்பாக இருக்கும். மரம் அந்த இடத்தைச் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

தச்சர் ரம்பம் உதவாதா?

வீட்டில் தச்சு வேலைக்கு வாங்கிய ரம்பம் இருக்கும். அதை வைத்துப் பச்சைக் கிளையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு இழுப்பு நன்றாகப் போகும். ஐந்தாவது இழுப்பில் சிக்கிக்கொள்ளும்.

காரணம் என்ன? தச்சர் ரம்பம் காய்ந்த பலகைக்காகச் செய்தது. அதன் பற்கள் சிறியவை, நெருக்கமானவை. காய்ந்த மரத்தூள் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். பச்சை மரத்தூள் உதிராது. ஈரத்தோடு, பாலோடு, பல்லுக்கு நடுவே மாவு போல அப்பிக்கொள்ளும். அப்புறம் பல் எங்கே அறுக்கும்?

கிளை அறுக்கும் ரம்பம் தனி ரகம். பற்கள் பெரியவை. இடைவெளியும் அதிகம். ஈரத் தூளை வாரி வெளியே தள்ளும். பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சற்றே சாய்ந்திருக்கும், அல்லது தகடு முதுகுப் பக்கம் மெலிந்திருக்கும். இதனால் அறுக்கும் பள்ளம் தகட்டைவிட அகலமாக விழும். ரம்பம் சிக்காது.

இன்னொரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பலகை ரம்பம் பெரும்பாலும் தள்ளும்போது அறுக்கும். கிளை ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். தோட்டக்காரர் மரத்துக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே இருக்கும் கிளையை அறுக்கிறார். அப்போது தள்ளுவது கடினம். இழுப்பது சுளுவு. உடம்பின் பாரமும் துணைக்கு வரும். பெண்களும் வயதானவர்களும்கூட அதிகம் களைக்காமல் அறுக்கலாம்.

மெல்லிய தகட்டைத் தள்ளினால் வளையும். இழுத்தால் விறைத்து நிற்கும். ஒரு நாடாவை மேஜை மேல் வைத்துத் தள்ளிப் பாருங்கள், மடங்கும். இழுத்துப் பாருங்கள், நேராக வரும். அதே சங்கதிதான்! பழைய எகிப்து நாட்டில் செம்பினால் ரம்பம் செய்தார்கள். செம்பு மெத்தென்ற உலோகம். தள்ளினால் மடங்கிவிடும். ஆகவே அவர்கள் இழுத்தே அறுத்தார்கள். ஜப்பான் நாட்டுத் தச்சர்கள் இன்றும் ரம்பத்தை இழுத்துத்தான் அறுக்கிறார்கள். இப்போது நம் ஊர் விவசாயக் கருவிக் கடைகளில் கிடைக்கும் வளைந்த கிளை ரம்பங்களும், பிடிக்குள் மடங்கும் ரம்பங்களும் இழுத்து அறுக்கும் வகைதான்.

எந்த அளவு வாங்குவது?

பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்கக் கூடாது. ரம்பத்தகட்டின் நீளத்தில் பாதி எவ்வளவோ, அதுதான் அது அறுக்கக்கூடிய கிளையின் பருமன். 20 சென்டிமீட்டர் நீளத் தகடு என்றால், 10 சென்டிமீட்டர் வரை உள்ள கிளையை அறுக்கலாம். அதற்கு மேல் போனால், இழுக்கும் நீளம் போதாது. தூளும் வெளியே வராது.

வீட்டுத் தோட்டத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள தகடு போதும். தொடையளவு பருத்த கிளையை வீட்டுக்காரர் தொட வேண்டாம். அது மரம் வெட்டுகிறவர்கள் கயிறு கட்டி இறக்க வேண்டிய வேலை.

தகடு வளைந்து இருக்கலாம், நேராகவும் இருக்கலாம். தலைக்கு மேலே உள்ள கிளைக்கு வளைந்தது நல்லது. அது கிளையைக் கவ்விக்கொள்ளும், நழுவாது. இடுப்பு உயரத்தில், நெருக்கமான கிளைகளுக்கு நடுவே புகுந்து அறுக்க நேர்த் தகடு வசதி.

விரல் பருமன் குச்சிகளுக்கு ரம்பமே வேண்டாம். கவாத்துக் கத்திரி போதும். மெல்லிய குச்சியை ரம்பத்தால் அறுத்தால், அது ஆடிக்கொண்டே இருக்கும். பட்டைதான் கிழியும்.

மரத்தைப் பிளந்து பார்த்தவர்

கிளையை எந்த இடத்தில் அறுப்பது? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் தவறான பதிலையே சொல்லி வந்தார்கள். "அடிமரத்தோடு ஒட்டச் சீவு. கை வைத்துத் தடவினால் மேடு தட்டக்கூடாது" என்றார்கள். புத்தகங்களிலும் அப்படியே எழுதினார்கள். பார்வைக்கு அது அழகாகத்தான் இருக்கும்.

அது தவறு என்று காட்டியவர் அமெரிக்க நாட்டு விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. 1930-ல் பிறந்தவர். 1959-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். மரம் ஏன் உள்ளே அழுகுகிறது என்பதை ஆராய்வது அவர் வேலை.

அவர் ஒரு காரியம் செய்தார். ஒருவரே தூக்கி இயக்கக்கூடிய மோட்டார் ரம்பம் அப்போது வந்திருந்தது. அதைக்கொண்டு மரங்களைக் குறுக்கே அறுக்காமல், உச்சியில் இருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்தார். ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கான மரங்கள்! காயம் பட்ட இடத்தில் இருந்து அழுகல் எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே பார்த்தார்.

அவர் கண்டது என்ன? மனிதனுக்குக் காயம் பட்டால், பழைய சதை போய்ப் புதுச் சதை வருகிறது. மரத்துக்கு அப்படி இல்லை. காயம் பட்ட பாகம் காயம் பட்டதுதான். அது ஆறுவது இல்லை. ஆனால் மரம் அந்தக் காயத்தைச் சுற்றி ஒரு சுவர் எழுப்புகிறது. "அழுகலே, நீ இந்தச் சுவரைத் தாண்டி வராதே" என்று அடைத்துவிடுகிறது. அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்து மூடிக்கொள்கிறது. இதை 1977-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு சிறு புத்தகத்தில், படங்களோடு விளக்கினார். 2006-ல் அவர் காலமானார். இன்று பல நாடுகளில் மரம் வளர்ப்போர் அவர் சொன்ன முறையில்தான் கிளையை எடுக்கிறார்கள்.

அந்தச் சுவரைக் கட்டும் இடம் எது தெரியுமா? கிளையின் கழுத்துதான்.

கழுத்தைத் தேடுங்கள்

ஒரு மாமரத்தின் அருகே போய்ப் பாருங்கள். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில், சட்டைக் காலர் போல ஒரு வீக்கம் சுற்றி இருக்கும். சில மரங்களில் பளிச்சென்று தெரியும். சிலவற்றில் விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். மேல் பக்கத்தில், கிளையும் மரமும் சேரும் கவட்டில், பட்டை சுருங்கி ஒரு கோடு போல மேடு கட்டி இருக்கும். அந்தக் கோடும் இந்தக் காலரும் மரத்தைச் சேர்ந்தவை. கிளையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் ரம்பம் படக் கூடாது.

அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் காலர் போய்விடும். சுவர் கட்டும் கொத்தனாரையே துரத்திவிட்ட மாதிரி! அழுகல் நேரே அடிமரத்துக்குள் இறங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "எதற்கு வம்பு?" என்று ஒரு சாண் நீளம் முளை விட்டு அறுப்பார்கள். சட்டை மாட்ட ஆணி கிடைத்தது என்று சந்தோஷப்படும் வீடுகளும் உண்டு. அந்த முளையில் இலை இல்லை. உணவு வராது. அது காய்ந்து, உளுத்து, அழுகலுக்கு ஏணி ஆகிவிடும். முளை உதிரும் வரை மரத்தால் அந்த இடத்தை மூடவும் முடியாது.

காலருக்கு வெளியே, காலரை ஒட்டி அறுக்க வேண்டும். அவ்வளவுதான். சரியாக அறுத்திருந்தால், வெட்டுவாயைச் சுற்றி வளையல் போலப் புதுப் பட்டை உருண்டு வரும். ஆண்டுக்கு ஆண்டு அது உள்ளே நெருங்கி, கடைசியில் மூடிக்கொள்ளும்.

மூன்று அறுப்பு

இனி அறுக்கும் முறை. கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது. மூன்று அறுப்பு வேண்டும்.

15 சென்டிமீட்டர் பருமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மாங்கட்டை ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். அதாவது ஒரு சிமெண்டு மூட்டை! இலையும் சிறு கிளைகளும் வேறு. அந்தப் பாரம் முழுவதும் அறுபடும் இடத்தில் தொங்குகிறது. மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால், கொஞ்சம் மரம் மிச்சம் இருக்கும்போதே கிளை சாயும். அடிப்பக்கத்துப் பட்டை கிழிந்து, அடிமரம் வரை உரிந்துவிடும். அரிவாளால் நேர்ந்த கதிதான் ரம்பத்தாலும் நேரும்.

அதனால் முதல் அறுப்பு கீழ்ப்பக்கத்தில். அடிமரத்தில் இருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடியில் ரம்பத்தை வைத்து மேல் நோக்கி அறுக்க வேண்டும். கால் பாகம் ஆழம் போனால் போதும். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகப் போனால், கிளையின் பாரம் இறங்கி ரம்பத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். அப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் வராது.

அந்த இடத்தில் இருந்து இன்னும் இரண்டு அங்குலம் வெளியே தள்ளி, மேல்ப்பக்கத்தில் இருந்து இரண்டாவது அறுப்பு. இது கிளையைக் கீழே இறக்கும் அறுப்பு. கொஞ்ச நேரத்தில் கிளை "கடகட" என்று முறியும். பட்டை கிழிந்துகொண்டு வந்தாலும், முதல் அறுப்பு வந்ததும் நின்றுவிடும். அதற்குத்தான் அந்த அறுப்பு.

இப்போது மரத்தில் ஓர் அடி முளைதான் நிற்கிறது. பாரம் இல்லை. அவசரம் இல்லை. ஒரு கையால் முளையைத் தாங்கிக்கொண்டு, காலருக்கு வெளியே நிதானமாக மூன்றாவது அறுப்பைப் போடலாம். தாங்கும் கை ரம்பத்தில் இருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

இரண்டு விரல் பருமன் கிளைக்கு இந்த மூன்று அறுப்பும் தேவை இல்லை. கையால் கிளையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒரே அறுப்பில் எடுத்துவிடலாம்.

விரல் ஜாக்கிரதை!

கிளை ரம்பத்தின் பல் மிகக் கூர்மை. ஈர மரத்தையே வெண்ணெய் போல அறுக்கிறது. விரல் எம்மாத்திரம்?

காயம் படுவது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். ரம்பம் இன்னும் பள்ளம் பிடித்திருக்காது. எடுத்த எடுப்பில் வேகமாக இழுத்தால், அது துள்ளிக் குதித்து, கிளையைப் பிடித்திருக்கும் கையில் பாயும். ஆகவே முதல் இரண்டு மூன்று இழுப்பு மெதுவாக, ரம்பத்தின் பாரத்தை மட்டும் வைத்து இழுக்க வேண்டும். பள்ளம் விழுந்த பிறகு நீளமாக, முழுத் தகடும் வேலை செய்யும்படி இழுக்கலாம். இழுக்கும்போது லேசாக அழுத்த வேண்டும். திரும்பப் போகும்போது அழுத்தக் கூடாது. அழுத்தித் தள்ளினால் தகடு வளையும், ஒடியவும் செய்யும்.

கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்வது அதைவிட நல்லது. மேலே பார்த்து அறுக்கும்போது தூள் நேரே கண்ணில்தான் விழும். மாமரத்தில் பாலும் சொட்டும். அது சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ரம்பக் காயம் கத்திக் காயம் மாதிரி அல்ல. சதை பிய்ந்து இருக்கும், அழுக்கும் இருக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. ரணஜன்னித் தடுப்பு ஊசி தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

அறுக்கத் தொடங்கும் முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மாவிலைகளைச் சேர்த்துத் தைத்த உருண்டை தெரிகிறதா? அது முசுறு எறும்பின் கூடு. கைவைத்தால் நூற்றுக்கணக்கில் மேலே ஏறும். குளவிக்கூடு இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். குஞ்சுகளோடு பறவைக்கூடு இருந்தால், நாலு வாரம் பொறுப்பதில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

கிளை எங்கே விழும் என்று யோசித்து, அந்த இடத்தில் இருந்து குழந்தைகளையும் கன்றுக்குட்டியையும் அப்புறப்படுத்த வேண்டும். அறுக்கிறவர் கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும். அறுக்கிற கிளையின் மேலேயே உட்கார்ந்து அறுத்தவர் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. சாய்ந்த கிளையின் மேல் ஏணியைச் சாத்திவிட்டு அதையே அறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

தரையில் நின்று அறுக்க முடிந்ததை மட்டும் வீட்டுக்காரர் அறுப்பது உத்தமம். ஒரு கையில் ரம்பம், ஒரு கையில் கிளை என்றால், ஏணியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

கம்பி போகிறதா? தொடாதீர்கள்!

மரத்துக்கு நடுவே, அல்லது பக்கத்தில், மின்சாரக் கம்பி போகிறதா? அப்படியானால் ரம்பத்தை உள்ளே வைத்துவிடுங்கள்.

பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது. ஈரத்தில் மின்சாரம் பாயும். அறுபட்ட கிளை கம்பியின் மேல் சாய்ந்தால், அதைத் தொட்டுக்கொண்டு இருப்பவர் உயிர் போய்விடும். இரும்புக் குழாயின் நுனியில் கத்தியைக் கட்டி முருங்கைக்காய் பறிக்கப் போய், கம்பியில் பட்டு மாண்டவர்கள் உண்டு. அலுமினிய ஏணியும் அதே எமன்தான். நீளக் கம்பு பொருத்திய ரம்பங்களில் கம்பு உலோகமாக இருந்தால், அதுவும் அப்படியே.

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதைக் கூப்பிட்டோ, உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோ, கம்பியில் உரசும் கிளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கிளையைக் கழிப்பார்கள். வர ஒரு வாரம் ஆனாலும் காத்திருக்கலாம். தெருவில் நிற்கும் மரம் வீட்டுக்காரருடையது அல்ல. அதன் கிளையை எடுக்க ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்க வேண்டும்.

எந்த மரம்? எந்த மாதம்?

காய்ந்த கிளை, முறிந்த கிளை, நோய் பிடித்த கிளை ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பச்சைக் கிளையை எடுக்கத்தான் காலம் பார்க்க வேண்டும். அடைமழையில் பச்சைக் காயம் வைக்கக் கூடாது. காளானுக்கு அது விருந்து. மழைக்கு முந்திய மாதங்கள்தான் நல்லவை. புயல் மாதங்கள் வருவதற்குள் கூரை மேல் சாய்ந்த கிளையும் போய்விடும்.

மாமரத்துக்கு, காய்ப்பு முடிந்த பிறகு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. அடுத்த ஆண்டுப் பூ கிளைகளின் நுனியில் வருகிறது. பூக்கும் காலத்தில் கிளையைக் கழித்தால், பறிபோவது மாங்காய்தான். மரத்தின் உள்ளே அடைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகளை எடுத்தால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும் என்பது தோட்டக்கலைப் பரிந்துரை. ஒட்டுமா என்றால், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கண்டதும் கிள்ளிவிட வேண்டும். அது வேறு மரம். அது வளர்ந்தால் நல்ல மாமரம் மெலியும்.

முருங்கைக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. அதன் மரம் மெத்தென்றது, முறியும் குணம் உள்ளது. நெட்டையாக விட்டால் காற்றில் ஒடியும். காயும் எட்டாது. வெட்ட வெட்டத் தழைக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இருந்து 1989-ல் வந்த பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கையை, காய்ப்பு முடிந்ததும் தரையில் இருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் அறுத்துவிடச் சொல்கிறார்கள். சில மாதங்களில் மறுபடியும் தழைத்துக் காய்க்கும். இதற்கு அரிவாளைவிட ரம்பமே மேல். அரிவாள் ஓங்கி விழும்போது அடிமரமே பிளந்துபோவது உண்டு.

முருங்கையைப் பார்த்து மற்ற மரங்களையும் மொட்டை அடிப்பதுதான் பெரிய தவறு. மாமரத்தின் தலையை ஒரேயடியாக அறுத்தால், வெட்டுவாயைச் சுற்றிக் கற்றை கற்றையாகக் குச்சிகள் கிளம்பும். பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அவை பட்டையில் ஒட்டிக்கொண்டு இருப்பவை. பருத்ததும் காற்றில் பிய்ந்து விழும். எந்த மரத்திலும் ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால் பாகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இலைதான் மரத்துக்கு அடுப்பு. அதை அணைத்தால் பட்டினி.

எலுமிச்சையில் தரையில் இருந்து ஒன்றரை அடி வரை பக்கக் கிளை இல்லாமல் வைத்தால், மண்ணில் இருந்து நோய் தெறித்து ஏறாது. உள்ளே நெட்டுக்குத்தாக, முள்ளோடு விறுவிறு என்று கிளம்பும் நீர்ப்போத்துகளையும் எடுத்துவிடலாம். கொய்யாவுக்கு ரம்பத்தைவிடக் கத்திரிதான் அதிகம் வேலை செய்யும். பலாமரத்தில் காய் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கிறது. அங்கே காய்ந்ததைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். தென்னைக்கோ கிளையே கிடையாது. பச்சை மட்டையைக் கழித்தால் காய்ப்புத்தான் குறையும்.

சாணி பூசலாமா?

வெட்டிய இடத்தில் சாணி அப்புவார்கள். சிலர் தார் பூசுவார்கள். சிலர் மிச்சம் இருந்த பெயிண்டைப் பூசுவார்கள். மரத்துக்கு மருந்து போட்ட திருப்தி!

ஷைகோ இதையும் சோதித்துப் பார்த்தார். காயத்துக்குப் பூசும் பூச்சுகள் அழுகலைத் தடுக்கவில்லை என்று கண்டார். சரியான இடத்தில், வழவழப்பாக அறுத்த வெட்டுவாயைத் திறந்து வைப்பதே மேல். மா, எலுமிச்சை போன்ற பழமரங்களில் பூஞ்சை நோய் உள்ள இடங்களில் மட்டும், வெட்டுவாயில் போர்டோ பசை பூசச் சொல்வது உண்டு. அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி. மயில்துத்தம் விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியில் கரைக்க வேண்டும்.

ரம்பத்துக்கும் சோறு போடுங்கள்

வேலை முடிந்ததும் ரம்பத்தை அப்படியே மாட்டிவிட்டால், பாலும் பிசினும் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டே நாளில் துரு ஏறும். பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர் இரண்டும் போதும். பிடியில் இருந்து நுனி நோக்கித் தேய்க்காமல், பல்லுக்குக் குறுக்கே, முதுகில் இருந்து பல் பக்கமாகத் துடைக்க வேண்டும். விரல் தப்பும். நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுத் தடவ வேண்டும்.

நோய் பிடித்த கிளையை அறுத்த ரம்பத்தை அப்படியே அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நோயையும் கொண்டுபோகும். துணியில் ஸ்பிரிட்டை நனைத்துத் தகட்டைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

பல் மழுங்கிவிட்டால்? பல்லைக் கூர்ந்து பாருங்கள். நுனி மட்டும் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அது சூடேற்றி இறுக்கிய பல். நெடுங்காலம் கூர் போகாது. ஆனால் போனால் போனதுதான். அதில் அரம் பிடிக்காது. வேறு தகடு வாங்கி மாட்ட வேண்டும். வாங்கும்போதே தனித்தகடு கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்வது கெட்டிக்காரத்தனம். சாதாரண எஃகுப் பல் என்றால், அரத்தால் ராவிக் கூர் ஏற்றலாம்.

அறுத்த கிளைக்கு வேலை உண்டு

மாவிலையைத் தோரணம் கட்டலாம். கொய்யாக் குச்சி அவரைக்கொடி ஏற உதவும். முருங்கை இலை கறிக்கு ஆகும். மிச்சம் ஆட்டுக்கு.

முருங்கைக் கிளையை எறிந்துவிடக் கூடாது. மரமுருங்கையின் மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளையில், மூன்றரை அடி முதல் ஐந்து அடி வரை நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து எடுங்கள். நிழலில் இரண்டொரு நாள் கிடக்கட்டும். பிறகு அடிப்பாகம் ஓர் அடி மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். தலைகீழாக நட்டுவிடக் கூடாது. அறுத்த உடனே அடிப்பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டு வைத்தால் குழப்பம் வராது. மேல் நுனியில் ஓர் உருண்டைச் சாணி வைக்கலாம். இங்கே சாணி சரிதான், நுனி வெயிலில் காயாமல் இருப்பதற்காக. தண்ணீர் தேங்காமல், மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளிர் வந்த பிறகும் கொஞ்ச காலம் போத்தை ஆட்டிப் பார்க்கக் கூடாது. துளிர் முதலில் வரும், வேர் பின்னால்தான் பிடிக்கும்.